ரமலானில் அடிக்காத மணி

தெமியானா கழிப்பறை அட்டையை மேசையில் வைத்துவிட்டு, ஈரக் கையை மேலங்கியில் துடைத்தபடி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரரு இன்னிக்கும் வரலயே நக்லா. அவருக்கு வேற இடம் ஏதாவது சொல்லிட்டியா?"

நக்லா ஒரு காற்சட்டையைத் திருப்பிப் போட்டு உள்தையலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "எங்க வரல?"

"பாய்லர் ரூமுக்குப் பின்னாடிதான். நான் ரெண்டு வாய் கடிச்சுக்கிற இடத்துல அவரும் வந்து சாப்பிடுவாரு, கண்டும் காணாம இருன்னு நீதானே சொன்ன? நோன்பு ஆரம்பிச்சு இன்னியோட ஒன்பது நாளாச்சு. ஒரு நாள்கூட ஆளைப் பாக்கல."

"ஒரு நாள்கூடவா?"

"கன்னி மரியா சத்தியமா."

நக்லாவின் கையிலிருந்து சுண்ணாம்புப் பென்சில் நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனியவில்லை. கண்கள் தாமாகவே சுவர்க் கடிகாரத்துக்குப் போயின. பதினொன்று முப்பத்தைந்து.

எகிப்தின் போர்ட் சையீதில் அந்தத் துணித் தொழிற்சாலைக்கு இரண்டு கூடங்கள். இந்தப் பக்கம் தையலும் செக்கிங்கும். எல்லாம் பெண்கள். அந்தப் பக்கம் அயர்னிங். முப்பது ஆண்கள், பத்து நீராவி பிரஸ்கள். நடுவில் கண்ணாடித் தடுப்பு. கண்ணாடி என்று பெயர்தான். எப்போதும் ஆவி படிந்து, பால் ஊற்றியது போல இருக்கும். அதன் வழியாக நிழல்கள்தான் தெரியும். மூன்றாவது பிரஸ்ஸில் அசையும் நிழல் அவள் கணவன் ஃபிக்ரி.

ஃபிக்ரிக்குச் சர்க்கரை வியாதி என்று பனிக்காலத்தில்தான் தெரிந்தது. ஊசி போட்டே ஆக வேண்டும் என்றார் டாக்டர். நோன்பு வைக்கக் கூடாது, ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும், நின்ற நிலையிலேயே நினைவு தப்பும் என்று இரண்டு தடவை சொன்னார். பள்ளிவாசல் ஷேக்கும் நோயாளிக்குக் கடமையில்லை என்று சொல்லிவிட்டார். ஃபிக்ரி இருவருக்கும் தலையாட்டினான். நக்லாவிடம், "ஸ்டீம் கம்மியா வருது, பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டு பாய்லர் பக்கம் போவேன். அங்கயே சாப்பிட்டுட்டு வந்துடுவேன், போதுமா?" என்றான். அவள் நம்பினாள். தினமும் ஒரு ரொட்டிக்குள் அவித்த பயறை வைத்துச் சுருட்டி அவன் பையில் போட்டு அனுப்பினாள். மாலையில் பை காலியாகத்தான் திரும்பி வந்தது.

அந்த ரொட்டி எங்கே போயிருக்கும்? படகுத்துறைப் பூனைகளுக்கா, கடற்காகங்களுக்கா?

அவளுக்கு விடியற்காலை நினைவு வந்தது.

ஊசியை அவனே குளியலறையில் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். நேற்று இரவு மருந்துக் குப்பியை எதேச்சையாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எட்டு நாளைக்குக் குறைந்திருக்க வேண்டிய மருந்தில் பாதிதான் குறைந்திருந்தது. மறந்துவிடுகிறான் என்று நினைத்தாள். ஆண்கள் எதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்! அதனால் இன்று விடியுமுன், நோன்புக்கு முந்திய சஹர் சாப்பாடு முடிந்ததும் அவளே ஊசியை எடுத்தாள். டாக்டர் எழுதிக்கொடுத்த அளவை, கோட்டுக்குச் சரியாக, விளக்கடியில் பிடித்துப் பார்த்து ஏற்றினாள்.

"பாதி போதும் நக்லா" என்றான் அவன்.

"நீ டாக்டரா, அவரு டாக்டரா? கையை நீட்டு ஹனீன் அப்பா."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு சிரித்துவிட்டு, நல்ல பிள்ளையாகக் கையை நீட்டினான்.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அவன் மருந்தைப் பாதியாக்கிவிட்டு நோன்பு பிடித்திருக்கிறான். இன்று முழு மருந்து. அதுவும் அவள் கையால்.

"என்னடி, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?" என்றாள் தெமியானா.

"அட்டையைக் கொடு."

"ஹிக்மத் எடுத்துட்டுப் போயிட்டாளே."

லைனுக்கு ஒரே ஒரு மர அட்டை. சிவப்புச் சாயம் பூசி, ஓரத்தில் கயிறு கோத்தது. அது கையில் இருந்தால்தான் மேசையை விட்டு நகரலாம். இருபது பெண்களுக்கு ஒன்று. ஹிக்மத் போனால் சுலபத்தில் திரும்ப மாட்டாள் என்பது லைனுக்கே தெரியும்.

மற்ற மாதங்களில் இந்த அட்டைக்கு இவ்வளவு மதிப்பில்லை. பன்னிரண்டு அடித்தால் வாசல் பக்கத்து மணி அலறும், ஒரு மணி வரை யாரும் எங்கும் போகலாம். இந்த ரமலானில் அந்த மணி அடிக்கவில்லை. அடிக்கவிடாமல் செய்தவளே நக்லாதான்.

நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது அவள்தான் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனாள். சாப்பிடாத மாதத்தில் சாப்பாட்டு இடைவேளை எதற்கு? அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்தால் நாலு மணிக்குப் பதில் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போகலாம். மூன்றேகால் படகில் கால்வாயைத் தாண்டினால், இலைக்குள் அரிசி வைத்து ஒரு சட்டி மஹ்ஷி சுருட்டி முடிக்க நேரமிருக்கும். பெண்கள் பேனாவைப் பிடுங்காத குறையாகக் கையெழுத்துப் போட்டார்கள். "நீ நல்லா இருப்படி நக்லா, என் மாமியார் வாயை அடைச்ச" என்றாள் ஹிக்மத். ஆண்கள் பக்கத்தில் முதல் கையெழுத்து ஃபிக்ரியுடையது. தெமியானாவும் போட்டாள். "கிறிஸ்தவங்க எங்களுக்கும் பெரிய நோன்புதான் நடக்குது. பால் கிடையாது, முட்டை கிடையாது. ஆனா நாங்க காலையிலேர்ந்து கல்லு மாதிரி உக்காந்திருக்க மாட்டோம்டி, கொஞ்சமாவது கடிச்சுக்குவோம்" என்று முணுமுணுத்தாள். அத்தனை பேர் ஆசைப்படும்போது தான் ஒருத்தி எப்படி மறுப்பது என்று போட்டாள். நக்லா அப்போது அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

காகிதத்தைக் கொண்டுபோய் மேலாளர் லுத்ஃபியிடம் கொடுத்ததும் அவள்தான். அவர் மகிழ்ச்சியோடு வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். அன்று மாலையே வாசலில் வண்ணக் காகித விளக்குகளைக் கட்டினார்கள். அதைக் கட்டியதும் அவளே. வேலை நேரம், ஓய்வு நேரம் அச்சடித்து ஒட்டியிருந்த அறிவிப்பின் மேல் ஒரு பெரிய விளக்கு சரியாக உட்கார்ந்துகொண்டது. ஏணியில் நின்றபடி ஒரு வரியைப் படித்தது நினைவிருக்கிறது. தொழிலாளியிடம் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. படித்துவிட்டு விளக்கை அதன் மேல் இழுத்துக் கட்டினாள்.

இப்போது பதினொன்று ஐம்பது. ஹிக்மத்தைக் காணவில்லை.

நக்லா காதைத் தீட்டிக்கொண்டாள். இந்தக் கூடத்தில் நூறு தையல் மெஷின்கள் ஓடினாலும் மூன்றாவது பிரஸ்ஸின் சத்தம் அவளுக்குத் தனியாகக் கேட்கும். ஒன்பது வருடப் பழக்கம். மேல்தட்டு இறங்கும்போது ஒரு 'தடக்', ஆவி விடும்போது 'உஸ்ஸ்', தூக்கும்போது எண்ணெய் போடாத கதவு போல ஒரு 'கிரீச்'. தடக், உஸ்ஸ், கிரீச். கல்யாணமான புதிதில் அந்தத் தாளத்துக்கு அவள் மனதுக்குள் பாட்டுக்கூடப் பாடியிருக்கிறாள்.

இன்று தாளம் தப்பியது. தடக். வெகுநேரம் ஒன்றுமில்லை. உஸ்ஸ், உஸ்ஸ் என்று இரண்டு தடவை. மறுபடி தடக், முழுதாகத் தூக்காமலே இன்னொரு தடக்.

அந்த பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டையும் இரண்டு கையால் அமுக்கினால்தான் சூடான மேல்தட்டு இறங்க வேண்டும். கை நடுவில் மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேகத்துக்காக எல்லாரும் ஒரு பொத்தானைத் துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு கை துணியைச் சரிசெய்யும், மறு கை பொத்தானை அமுக்கும். தெளிவாக இருக்கிறவனுக்கு அது பழக்கம். தலை சுற்றுகிறவனுக்கு?

அவள் அட்டைக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து நடந்தாள். மூன்று மேசை தாண்டுவதற்குள் லுத்ஃபி எதிரே வந்து நின்றார். அவரும் நோன்பு. தேநீர் இல்லாத தலைவலி அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

"எங்கம்மா கிளம்பிட்ட? அட்டை எங்க?"

"உஸ்தாத், அயர்னிங் பக்கம் ஒரு நிமிஷம் போகணும். ஃபிக்ரிக்கு உடம்பு சரியில்ல."

"யாரு சொன்னா? நான் இப்பதானே பாத்துட்டு வரேன். சிரிச்சுக்கிட்டு நிக்கிறான்."

"சிரிச்சுக்கிட்டா?"

ஒரு தடவை பனிக்காலத்தில் அவனுக்குச் சர்க்கரை இறங்கியபோது இப்படித்தான் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மகள் ஹனீனை யார் என்று கேட்டான்.

"உஸ்தாத், அவருக்கு சுகர். காலையில ஊசி போட்டிருக்கு, சாப்பிடல. அவரை மெஷின விட்டு நகர்த்துங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சுகர் இருக்கிறவன் எதுக்கு நோன்பு வெக்கிறான்? எனக்குச் சொல்லவே இல்லையே? சரி, மூணு மணிக்கு வீட்டுக்குத்தானே போகப் போறீங்க. அஞ்சாயிரம் பீஸ் இன்னிக்கு கன்டெய்னர்ல ஏறணும். ஒருத்தன் நிறுத்தினா பின்னாடி பேக்கிங் மொத்தமும் நிக்கும்."

"பத்து நிமிஷ இடைவேளை கொடுங்க."

"இடைவேளையா?" அவர் சிரிக்கவில்லை, ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது. "வேண்டாம்னு எழுதிக் கொடுத்தது யாரு? நானா கேட்டேன்? நீதானம்மா தூக்கிட்டு வந்த. போய் உக்காரு."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். ஆவிக்குப் பின்னால் மூன்றாவது நிழல் இடமும் வலமும் ஆடியது, காற்றில் தொங்கவிட்ட சட்டை போல. தடக் என்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அலறலுக்குக் காத்திருந்தாள். அலறல் வரவில்லை. இந்தத் தடவை வரவில்லை.

ஓடி உள்ளே போனால் லுத்ஃபி தடுப்பார், ஆட்கள் கூடுவார்கள், சத்தம் எழும். அந்தச் சத்தத்தில் ஃபிக்ரி திரும்பிப் பார்ப்பான், ஒரு கை தட்டுக்கடியில் இருக்கும்போதே. அதை நினைத்ததும் அவள் கால்கள் வேறு பக்கம் திரும்பின. வருகை அட்டை குத்தும் மெஷினுக்குப் பக்கத்தில், வாசல் சுவரில், மணியின் பச்சைப் பொத்தான் இருந்தது. ரமலானுக்காக அதன் மேல் ஒரு டேப்பை ஒட்டியிருந்தார்கள்.

"ஏய், அங்க எங்க போற?" என்றார் லுத்ஃபி.

நக்லா டேப்பைப் பிய்த்தெறிந்துவிட்டு இரண்டு கையாலும் பொத்தானை அமுக்கினாள்.

மணி அலறியது. ஒன்பது நாளாகக் கேட்காத சத்தம். ஆனால் கைகளுக்கு மறக்கவில்லை. நூறு பெண்களின் கால்களும் மிதியிலிருந்து தாமாக எழுந்தன. கண்ணாடிக்கு அப்பால் பிரஸ்களின் மேல்தட்டுகள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டன, நீராவிக் குழாய்கள் மூடிக்கொண்டன. யாரும் யோசித்துச் செய்யவில்லை. மணி அடித்தால் கையை எடுப்பது என்று உடம்பே படித்து வைத்திருந்தது. கூடம் முழுவதும் அப்படி ஓர் அமைதி.

அந்த அமைதியில், உள்ளேயிருந்து ஒரே ஒரு சத்தம். தடக். உஸ்ஸ். கிரீச்.

அவள் ஓடினாள்.

ஃபிக்ரி சட்டை முழுக்க நனைந்து, தண்ணீரில் முக்கி எடுத்தவன் போல நின்றான். ஒரே காற்சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தான். அதன் மடிப்பு பழுப்பேறிக் கருகத் தொடங்கியிருந்தது. இடது கை துணியின் மேலேயே கிடந்தது. வலது கை பொத்தானைத் தேடி மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

நக்லா அவனைத் தொடவில்லை. தொட்டால் திடுக்கிட்டுப் பொத்தானை அமுக்கிவிடுவான் என்பது அந்தப் பயத்திலும் தெளிவாக இருந்தது. கட்டியிருந்த துணிப்பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. அடுத்த நொடி ஃபிக்ரி பொத்தானை அமுக்கினான். ஒரு பொத்தானுக்கு மெஷின் அசையவில்லை. அவன் மறுபடி அமுக்கினான். இடது கை இன்னும் அங்கேயேதான் இருந்தது.

"ஹனீன் அப்பா" என்றாள். மறுபடி கூப்பிட்டாள்.

அவன் அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். "மேடம், லேடீஸ் லைன் அந்தப் பக்கம்."

பின்னாலேயே தெமியானா ஓடி வந்தாள். கையில் அவளுடைய தேநீர் பாட்டில். பாலில்லாத கறுப்புத் தேநீர். அவள் எப்போதும் பாகு போலச் சர்க்கரை போடுகிறவள். "குடுடி, சீக்கிரம் குடு!"

நக்லா பாட்டிலை அவன் உதட்டில் வைத்தாள். அவன் பல்லை இறுகக் கடித்துக்கொண்டான். முகத்தைத் திருப்பினான். "நோன்பு" என்றான், வாய் குழறி. "நான் நோன்பு."

"உனக்குக் கடமை இல்லப்பா. குடி."

"நோன்பு!" அவள் கையைத் தட்டிவிட்டான். தேநீர் பாதி தரையில் கொட்டியது. அவன் கண்கள் மேலே செருகத் தொடங்கின.

நக்லா பாட்டிலில் மிச்சம் இருந்ததைப் பார்த்தாள். நாலு விரல் உயரம். பிறகு அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சூரியன் மறைந்துவிட்டது போல அமைதியாகச் சொன்னாள். "மக்ரிப் ஆயிடுச்சு ஃபிக்ரி. நோன்பு திறக்கிற பீரங்கி வெடிச்சிடுச்சு. இப்ப சத்தம் கேட்டதே, காதுல விழலயா?"

அவன் புருவம் சுருங்கியது. "ஆயிடுச்சா?"

அவன் நம்பாமல் அவள் தோளுக்கு மேலாகப் பக்கத்து பிரஸ்காரன் ஷஹாத்தாவைப் பார்த்தான். ஷஹாத்தாவின் உதடு நோன்பில் வெடித்துப் போயிருந்தது. அவன் சன்னல் வழியே வந்த உச்சி வெயிலில் நின்றபடி, எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னான். "ஆமாடா ஃபிக்ரி. பாங்கு சொல்லியாச்சு. நாங்கெல்லாம் திறந்துட்டோம். நீதான் பாக்கி."

"திறந்துட்டோம்பா, குடி குடி" என்றான் இன்னொருவன்.

ஃபிக்ரி 'பிஸ்மில்லாஹ்' என்று முணுமுணுத்துவிட்டு வாயைத் திறந்தான்.

அவன் அவளை அடையாளம் கண்டுகொள்ள கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் தெமியானாவின் எள் ஹல்வா முழுவதும் துண்டு துண்டாக அவனுக்குள் போயிருந்தது. துணி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் கண்ணை நன்றாகத் திறந்தான். சன்னல் வெயிலைப் பார்த்தான். கையிலிருந்த ஹல்வாவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நக்லா, நீ என்னை ஏமாத்திட்டியா?"

"யாரு யாரை ஏமாத்தினது?" என்றவள் அழுதுவிட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இத்தனை பேரு வெறும் வயித்தோட ஆவியில வேகுறாங்க. நான் மட்டும் மறைஞ்சு நின்னு ரொட்டி தின்னா... எப்பவும்னா பன்னெண்டு மணிக்கு ஆளுக்கொரு பக்கம் போயிடுவோம், யாரும் யாரையும் பாக்க மாட்டோம். இப்ப முப்பது பேருக்கு நடுவுல நான் நகர்ந்தாலே எங்க போறேன்னு கேக்குறாங்க. வெக்கமா இருந்துச்சு நக்லா."

லுத்ஃபி கையில் ஒரு படிவத்தோடு வந்தார். முகம் வெளிறியிருந்தது, ஆனாலும் விறைப்பை விடவில்லை. "மணியை அடிச்சதுக்கு எழுத்து மூலமா எச்சரிக்கை கொடுக்கணும். இது ஒழுங்கு."

"எழுதுங்க உஸ்தாத்" என்றாள் நக்லா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நேரத்தையும் சேத்து எழுதுங்க. ஏழு மணிக்கு ஆரம்பிச்சது, பன்னெண்டு பத்து வரைக்கும் ஒரு நிமிஷம்கூட நிறுத்தல. வாசல்ல நான் கட்டின விளக்கைத் தூக்கிப் பாத்தா அஞ்சு மணி நேரம்னு போட்டிருக்கு. எங்க கையெழுத்துக்கு அதை மாத்துற சக்தி இருக்கான்னு, இதைப் படிக்கிறவங்க சொல்லட்டும்."

அவர் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தார். அவிழ்ந்து தொங்கிய துணிப்பட்டை மேல் அவர் பார்வை போனது. பிறகு படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எல்லா பிரஸ்லயும் அந்தக் கட்டை அவிழ்த்துடுங்கப்பா" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பன்னிரண்டு மணி இடைவேளை உண்டு, வேலை முடிய நாலு மணி என்று வாசலில் எழுதியிருந்தது. பெண்கள் நக்லாவைச் சொல்லால் சுட்டுப் பொசுக்கிவிட்டார்கள்.

"கையெழுத்து வாங்கினவளும் நீ, கெடுத்தவளும் நீ" என்றாள் ஹிக்மத். "நாலேகால் படகுல போய் நான் எப்ப மஹ்ஷி சுருட்டுறது? என் மாமியாருக்கு நீ வந்து பதில் சொல்றியா?"

"வந்து சுருட்டியே தரேன் போ."

"பேச்சு மட்டும் குறைச்சல் இல்ல" என்றாள் ஹிக்மத். ஆனால் பன்னிரண்டுக்கு மணி அடித்ததும் மேசையில் கையை மடக்கித் தலை சாய்த்து முதலில் தூங்கிப்போனவள் அவள்தான்.

டாக்டரிடம் போனில் கேட்டு அளவைக் குறைத்திருந்தும், அன்று விடியற்காலை ஊசியைப் பிடிக்க நக்லாவால் முடியவில்லை. ஃபிக்ரியேதான் போட்டுக்கொண்டான், அவள் கண்ணெதிரே.

இடைவேளையில் பாய்லர் அறைக்குப் பின்னால், கவிழ்த்த இரண்டு பெட்டிகளின் மேல் தெமியானாவும் ஃபிக்ரியும் உட்கார்ந்திருந்தார்கள். நக்லா நின்றாள். அவளுக்கு நோன்பு. ஃபிக்ரி ரொட்டியைப் பிரித்தான்.

"இப்படி வெறிச்சுப் பாத்துக்கிட்டே நின்னா எப்படி இறங்கும்?"

"இறங்குறதைப் பாக்கத்தான் நிக்கிறேன்."

"நம்ப மாட்டியா?"

"மாட்டேன்."

"விடுப்பா, அவ பார்வைக்குப் பயந்தாவது சாப்பிடு" என்றாள் தெமியானா, தன் ரொட்டியில் பாதியைக் கடித்தபடி.

அவன் முதல் வாய் கடித்தான், மென்றான், விழுங்கினான். பிறகு மகள் ஹனீன் மருந்து குடித்ததும் செய்வாளே, அதே மாதிரி வாயைப் பெரிதாகத் திறந்து அவளுக்குக் காட்டினான். தெமியானா சிரித்துப் புரையேறினாள். நக்லா சிரிக்கவில்லை. குனிந்து, உண்மையாகவே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அடுத்த வாய்" என்றாள்.